பட்டியலும் அட்டவணையும்: புதுப்பித்த தொகுப்பானைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்திலிருந்தும் ஏற்காட்டிலிருந்தும் பதினாறு பேர் எங்கள் வட்டார இணையதளத்துக்கு எழுதுகிறார்கள். காப்பித் தோட்டக்காரர்கள், வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர்கள், விருந்தினர் விடுதி நடத்துபவர்கள், பள்ளி ஆசிரியர்கள். தளம் வேர்ட்பிரஸ் என்ற இணையதள மென்பொருளில் இயங்குகிறது. அதில் பதிவுகளை எழுதித் திருத்தும் பகுதியைத்தான் தொகுப்பான் என்கிறேன். சில ஆண்டுகளாகப் பழைய பதிப்பையே வைத்து ஓட்டிக்கொண்டிருந்தோம். சென்ற மாதம்தான் புதுப்பித்தோம். இடைப்பட்ட ஆண்டுகளில் வந்த மாற்றங்கள் அத்தனையும் ஒரே நாளில் எங்கள் முன் வந்து நின்றன.

அன்று முதல் ஒரே மாதிரியான சந்தேகங்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஏற்காடு பஸ்ஸில் பக்கத்து இருக்கையிலிருந்து கேட்கிறார்கள். தட்டுவடை செட்டுக் கடை வாசலில் நிறுத்திக் கேட்கிறார்கள். பெரும்பாலும் பட்டியல், அட்டவணை இரண்டைப் பற்றித்தான். கேட்டவர்களின் கேள்விகளை அப்படியே வைத்து இங்கே பதில் தொகுத்திருக்கிறேன். இடமிருந்து வலமாகப் போவதைக் கிடைவரிசை என்றும், மேலிருந்து கீழே போவதை நெடுவரிசை என்றும், இரண்டும் சந்திக்கும் இடத்தைக் கட்டம் என்றும் சொல்கிறேன். பதிவின் ஒவ்வொரு துண்டையும் தொகுப்பான் பிளாக் என்று அழைக்கிறது. நானும் அப்படியே அழைக்கிறேன்.

பட்டியல், அட்டவணை இரண்டும் ஒன்றுதானே? எதை எப்போது போடுவது?

ஒன்றல்ல. குழப்பம் நம் பேச்சிலேயே இருக்கிறது. கடையில் தொங்குவதை விலைப்பட்டியல் என்கிறோம். ஆனால் அதில் பொருளின் பெயர், அளவு, விலை என்று மூன்று செய்திகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. தொகுப்பானைப் பொறுத்தவரை அது அட்டவணை.

நான் வைத்துக்கொள்ளும் சோதனை எளிது. மல்கோவா, இமாம்பசந்த், குண்டு, நடுசாலை என்று மாம்பழப் பெயர்களை மட்டும் அடுக்கினால் பட்டியல். ஒவ்வொரு பழமும் எந்த மாதம் வரும், கிலோ என்ன விலை என்று பெயருக்கு எதிரே இரண்டு செய்திகள் சேர்ந்துவிட்டால் அட்டவணை. முன்பின் மாறக் கூடாத வேலைமுறை என்றால் எண்ணிட்ட பட்டியல். தட்டுவடை செட்டுக்கு என்னென்ன தேவை என்பது புள்ளிப் பட்டியல். தட்டுவடையின் மேல் சட்னி தடவி, காரட்டும் பீட்ரூட்டும் துருவிப் போட்டு, இன்னொரு தட்டுவடையால் மூடுவது எண்ணிட்ட பட்டியல்.

அக்கா, பட்டியலைத் தொடங்கும் பழைய பொத்தானைக் காணவில்லையே?

பொத்தானைத் தேடவே வேண்டாம். புதிய வரியில் "-" என்ற சிறு கோட்டைத் தட்டி ஓர் இடைவெளி விடுங்கள். புள்ளிப் பட்டியல் வந்துவிடும். "1." என்று தட்டி இடைவெளி விட்டால் எண்ணிட்ட பட்டியல். உங்களுக்குப் பட்டியல் வேண்டாம், உண்மையாகவே வரியை ஒரு கோட்டோடு தொடங்க வேண்டும் என்றால், உடனே கன்ட்ரோலும் இசட்டும் அழுத்துங்கள். எழுதியது எழுதியபடி திரும்பும்.

என்டர் அழுத்தினால் அடுத்த உருப்படி. வெற்று உருப்படியில் மறுபடியும் என்டர் அழுத்தினால் பட்டியலைவிட்டு வெளியே வந்துவிடலாம். ஒரே உருப்படிக்குள் வரியை மட்டும் உடைக்க ஷிஃப்டும் என்டரும். முகவரி எழுதுபவர்கள் இதைக் கட்டாயம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே கடையின் முகவரி நான்கு புள்ளிகளாகச் சிதறிக் கிடப்பதை நம் தளத்தில் பல இடங்களில் பார்க்கிறேன்.

ஒரு வரியைச் சொடுக்கினால் அந்த வரியை மட்டும் தனியாகக் காட்டுகிறது. பட்டியல் உடைந்துவிட்டதா?

உடையவில்லை. பட்டியலில் நடந்த பெரிய மாற்றமே இதுதான். 2018 டிசம்பரில் வந்த 5.0 பதிப்பில்தான் பிளாக் முறை அறிமுகமானது. அப்போது பட்டியல் முழுவதும் ஒரே பிளாக்காக இருந்தது. 2022 நவம்பரில் வந்த 6.1 பதிப்பிலிருந்து, பட்டியல் ஒரு பெட்டி. அதற்குள் ஒவ்வொரு உருப்படியும் தனித்தனி பிளாக்.

இதனால் கிடைக்கும் பெரிய வசதி, இடம் மாற்றுவது. ஐந்தாவது உருப்படியை இரண்டாவதாக்க வெட்டி ஒட்ட வேண்டியதில்லை. அதன் மேல் குறியை (கர்சரை) வைத்துவிட்டு, கருவிப்பட்டையில் உள்ள மேல் அம்பை அழுத்திக்கொண்டே போகலாம். விசைப்பலகையில் கன்ட்ரோல், ஷிஃப்ட், ஆல்ட் மூன்றோடும் டி அழுத்தினால் மேலே, ஒய் அழுத்தினால் கீழே. எண்கள் தாமாகவே திருந்திக்கொள்ளும்.

முழுப் பட்டியலையும் பிடிக்க முடியவில்லை என்று பலர் தவிக்கிறார்கள். ஷிஃப்ட், ஆல்ட் இரண்டோடு ஓ அழுத்துங்கள். பதிவின் எல்லா பிளாக்குகளும் ஓரத்தில் வரிசையாகத் தெரியும். அங்கே பட்டியல் என்ற தாய் பிளாக்கைச் சொடுக்கினால் போதும். பிளாக் முறையில் எழுதிய பழைய பதிவுகளைத் திறந்தால், அவற்றின் பட்டியல்கள் புதிய வடிவத்துக்குத் தாமாக மாறிவிடும்.

உள்பட்டியல் போட டேப் அழுத்துகிறேன். சில நேரம் உள்ளே போகிறது, சில நேரம் வேறு எங்கோ தாவுகிறது. ஏன்?

குறி உருப்படியின் தொடக்கத்தில், முதல் எழுத்துக்கும் முன்னால் இருக்க வேண்டும். அங்கே வைத்து டேப் அழுத்தினால் உள்ளே போகும்; ஷிஃப்டும் டேப்பும் அழுத்தினால் வெளியே வரும். வார்த்தையின் நடுவே குறி நின்றால் டேப் தன் வழக்கமான வேலையைச் செய்து அடுத்த பொத்தானுக்குத் தாவிவிடும். பட்டியலின் முதல் உருப்படி உள்ளே போகவே போகாது. மேலே ஒரு தாய் உருப்படி இருந்தால்தானே அதற்குள் நுழைய முடியும்?

உள்பட்டியலுக்குள் இன்னும் ஒரு உள்பட்டியல் போடத் தொகுப்பான் அனுமதிக்கிறது. நான் வேண்டாம் என்றே சொல்வேன். கைபேசித் திரையில் ஒவ்வொரு படியும் இடப்பக்கத்தைத் தின்றுகொண்டே வரும். மூன்றாவது படியில் வரிக்கு இரண்டு சொல்தான் மிஞ்சும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை.

எங்கள் விடுதிக்கு வழி எழுதினேன். நடுவில் ஒரு படம் வைத்ததும் எண் மறுபடியும் 1 என்று தொடங்குகிறது.

ஓர் உருப்படிக்குள் உள்பட்டியல் பிளாக் மட்டுமே நுழையும், படம் என்ற பிளாக் நுழையாது. ஆகவே படம் வந்த இடத்தில் பட்டியல் இரண்டாகப் பிரிகிறது. இரண்டாவது பட்டியலைத் தேர்ந்தெடுத்து, வலப்பக்க அமைப்புகளில் தொடக்க எண் என்ற இடத்தில் 4 என்றோ 5 என்றோ கொடுங்கள். அந்த எண்ணிலிருந்து தொடரும். எண்ணைக் கையால் தட்டி ஒப்பேற்றாதீர்கள். நாளை ஒரு படியை நடுவில் சேர்த்தால் எல்லாம் குலைந்துவிடும்.

இந்தக் கேள்வியைக் கேட்டவருக்கு அதே இடத்தில் உள்ள இன்னொரு வசதியையும் காட்டினேன்: தலைகீழ் எண். சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும் வழியை 1 முதல் 20 வரை எழுதியிருந்தார். இறங்குபவர்களுக்கு அது 20 முதல் 1 வரை வர வேண்டும். உருப்படிகளின் வரிசையை மாற்றிவிட்டு, எண்களைத் தலைகீழாக்கும் பொத்தானை அழுத்தினார், முடிந்தது. ஒரே அழுத்தில் உருப்படிகளும் தலைகீழாகும் என்று எதிர்பார்க்காதீர்கள். எண்கள் மட்டுமே மாறும்.

எண்ணுக்குப் பதில் அ, ஆ, இ என்று வருமா?

அமைப்புகளில் ஆங்கில எழுத்துகளும் ரோமன் எண்களும் இருக்கின்றன. தமிழ் எழுத்து இல்லை. தமிழ் எண்களான ௧, ௨, ௩ ஆகியவற்றை உலாவிகளுக்குத் தெரியும். சிஎஸ்எஸ் என்ற வடிவமைப்பு மொழியில் ஒரு வரி எழுதினால் வந்துவிடும். அ, ஆ, இ வேண்டுமென்றால் அந்த வரிசையை அதே மொழியில் நாமே வரையறுத்துக் கொடுக்க வேண்டும். தேவைப்படுபவர்கள் சொல்லுங்கள், தளத்தில் சேர்த்துத் தருகிறேன்.

வாட்ஸ்அப்பில் வந்ததை அப்படியே ஒட்டலாமா? அச்சகத்திலிருந்து வந்த கோப்பை?

வாட்ஸ்அப்பில் வரிகள் சிறு கோட்டோடும் இடைவெளியோடும் தொடங்கினால், ஒட்டியவுடன் தொகுப்பான் அதைப் பட்டியலாகவே புரிந்துகொள்ளும். புள்ளிக் குறியோடு தொடங்கினாலும் அப்படித்தான். பூ, கைவிரல், பச்சை நிறச் சரிக்குறி என்று படக்குறிகளோடு தொடங்கும் வரிகள் பட்டியலாகாது. வெறும் பத்திகளாக விழும். அப்போது அந்தப் பத்திகளை எல்லாம் சேர்த்துத் தேர்ந்தெடுத்து, கருவிப்பட்டையின் இடக்கோடியில் உள்ள சின்னத்தைச் சொடுக்கிப் பட்டியல் என்று மாற்றுங்கள். பத்திக்கு ஓர் உருப்படியாக மாறும். பிறகு படக்குறிகளை அழித்துவிடுங்கள்.

அச்சகக் கோப்பு வேறு விஷயம். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்திருந்தால் தளத்தில் ஆங்கில எழுத்தும் குறிகளுமாகத் தெரியும். முதலில் யூனிகோடு என்ற பொதுவான எழுத்துமுறைக்கு மாற்றுங்கள். மாற்றிய பின் எண்களையும் நிறுத்தக்குறிகளையும் ஒரு முறை கண்ணால் சரிபாருங்கள். விலையில் ஒரு புள்ளி இடம் மாறினால் யாரோ ஒருவர் உங்கள் கடைக்கு வந்து சண்டை போடுவார்.

அம்மணி, அட்டவணை போட்டால் எத்தனை வரிசை என்று முதலிலேயே கேட்கிறது. எனக்கு எப்படித் தெரியும்?

ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் கேட்டது. நியாயமான தயக்கம். தோராயமாக ஏதாவது கொடுங்கள் ஐயா. பிறகு எந்தக் கட்டத்தில் குறி நிற்கிறதோ அதற்கு மேலே, கீழே, இடது, வலது என்று எங்கு வேண்டுமானாலும் வரிசை சேர்க்கலாம், நீக்கலாம். கருவிப்பட்டையில் அட்டவணை போன்ற சின்னத்தைச் சொடுக்கினால் இந்தத் தேர்வுகள் எல்லாம் விழும்.

கிடைவரிசை எத்தனை என்பதைப் பற்றிக் கவலை வேண்டாம். நெடுவரிசை எத்தனை என்பதை மட்டும் தாளில் ஒரு முறை வரைந்து பாருங்கள். காப்பியின் தரம், ஈரப்பதம், ஒரு கிலோ விலை, எந்த மாதம் கிடைக்கும் என்று தலைப்புகளை எழுதிப் பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

எக்செல்லில் எல்லாம் தயாராக இருக்கிறது. மறுபடியும் தட்டச்சு செய்ய வேண்டுமா?

வேண்டாம். எக்செல்லிலோ கூகுள் ஷீட்ஸிலோ வேண்டிய பகுதியைத் தேர்ந்தெடுத்து நகலெடுத்து, பதிவில் வெற்று வரியில் ஒட்டுங்கள். அட்டவணையாகவே வரும். கன்ட்ரோலும் வியும் மட்டும் அழுத்துங்கள். ஷிஃப்டையும் சேர்த்து அழுத்தினால் வெறும் எழுத்தாக ஒட்டப்பட்டு அட்டவணை தொலைந்துவிடும். எக்செல்லில் நீங்கள் போட்ட சூத்திரம் கூட வராது, அதன் விடை மட்டுமே வரும்.

எக்செல் இல்லாதவர்களுக்கு ஒரு வழி. நோட்பேடில் ஒவ்வொரு கிடைவரிசையையும் ஒரு வரியாக எழுதி, கட்டங்களுக்கு நடுவே | என்ற நேர்கோட்டைப் போடுங்கள். தலைப்பு வரிக்கு அடுத்த வரியில் |---|---| என்று நெடுவரிசைக்கு மூன்று கோடுகள். இதை நகலெடுத்து ஒட்டினால் அட்டவணையாகிவிடும், தலைப்பு வரிசையும் சரியாக அமைந்துவிடும். அது ஏன் முக்கியம் என்பதை அடுத்த பதிலில் பாருங்கள்.

ஹெடர் செக்‌ஷன் என்று ஒன்று இருக்கிறதே, அது எதற்கு? முதல் வரிசையைத் தடித்த எழுத்தாக்கினால் போதாதா?

போதாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும்தான் படிப்பேன் என்று யாராவது சொன்னால் இதைப் படியுங்கள் என்பேன்.

சேலம் அஸ்தம்பட்டியில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார். சில ஆண்டுகளுக்கு முன் பார்வை போய்விட்டது. கணினியில் என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பான் மூலம் நம் தளத்தைக் கேட்டுப் படிக்கிறார். ஒரு நாள் அவர் வீட்டில் உட்கார்ந்து, நம் தளத்துக் கொலுசு அட்டவணை ஒன்றை அவரோடு சேர்ந்து கேட்டேன். "எண்பது. ஆறாயிரத்து நானூறு. நூற்று இருபது." அவர் என் பக்கம் திரும்பி, "எது எடையம்மா, எது விலை?" என்று கேட்டார். பார்ப்பவர்களுக்கு மேலே தடித்த எழுத்தில் எடை, விலை என்று இருக்கிறது. அவருக்கு அது இல்லவே இல்லை. தடித்த எழுத்து கண்ணுக்கு மட்டுமே தலைப்பு. இயந்திரத்துக்கு அது இன்னொரு சாதாரணக் கட்டம்.

ஹெடர் செக்‌ஷனை இயக்கினால் அந்த வரிசை உண்மையிலேயே தலைப்பு என்று பதிவின் உள்கட்டமைப்பில் எழுதப்படுகிறது. அதன் பிறகு அவர் கன்ட்ரோல், ஆல்ட் இரண்டோடு அம்புக்குறியை அழுத்திக் கட்டம் கட்டமாகப் பக்கவாட்டில் நகரும்போது, "விலை, ஆறாயிரத்து நானூறு" என்று தலைப்போடு சேர்த்து வாசிக்கிறது. இதில் பலர் இடறும் இடம் ஒன்று உண்டு: அந்தப் பொத்தான் உங்கள் முதல் வரிசையைத் தலைப்பாக மாற்றாது, அதற்கு மேலே புதிதாக ஒரு வெற்று வரிசையைச் சேர்க்கும். தலைப்புச் சொற்களை அங்கே எழுதிவிட்டு, பழைய முதல் வரிசையை நீக்கிவிடுங்கள். எக்செல்லிலிருந்து ஒட்டியவர்கள் எல்லோரும் இதைச் செய்தாக வேண்டும். நேர்கோட்டு முறையில் ஒட்டியவர்களுக்கு இந்த வேலை மிச்சம்.

விலைப்பலகையைப் படம் பிடித்துப் போட்டுவிடுகிறேனே, அதுவே அழகாக இருக்கிறது?

அழகாகவே இருக்கிறது, கடையின் கைவண்ணம் அதில் தெரிகிறது. ஆனால் முந்தைய பதிலில் சொன்ன ஆசிரியைக்கு அது "படம்" என்ற ஒரு சொல் மட்டுமே. தேடுபொறியில் உங்கள் கடையைத் தேடுபவருக்கும் அந்தப் படத்துக்குள் இருக்கும் எழுத்து கிடைக்கும் என்ற உறுதி இல்லை. விலை மாறினால் பலகையை அழித்து எழுதி, மறுபடியும் படம் பிடித்து, மறுபடியும் ஏற்ற வேண்டும். வெள்ளி விலை நாளுக்கு நாள் மாறும் தொழிலில் இருப்பவர்கள் இதை யோசித்துப் பாருங்கள். படமும் போடுங்கள், அதன் கீழே அட்டவணையும் போடுங்கள்.

இதே காரணத்தால்தான் பட்டியலையும் கையால் தட்டிய புள்ளிகளோடு போட வேண்டாம் என்கிறேன். உண்மையான பட்டியல் என்றால் திரைவாசிப்பான் முதலிலேயே "ஏழு உருப்படிகள் கொண்ட பட்டியல்" என்று சொல்லிவிடும். எவ்வளவு நேரம் கேட்க வேண்டியிருக்கும் என்று கேட்பவருக்குத் தெரிகிறது. எல் விசையை அழுத்தி அடுத்த பட்டியலுக்கும், டி விசையை அழுத்தி அடுத்த அட்டவணைக்கும் அவர் நேராகத் தாவ முடிகிறது.

கைபேசியில் பார்ப்பவர்கள் கடைசி நெடுவரிசை தெரியவில்லை என்கிறார்கள்.

அகலம் போதாவிட்டால் அட்டவணை பக்கவாட்டில் நகரும்படி அமைந்திருக்கிறது. ஆனால் அதை விரலால் இழுக்கலாம் என்று பலருக்குத் தோன்றுவதில்லை. அமைப்புகளில் சம அகலக் கட்டங்கள் என்ற தேர்வு ஒன்று உண்டு. அதை இயக்கினால் எல்லா நெடுவரிசையும் திரைக்குள் அடங்கும். ஆனால் நீளமான சொற்கள் நடுவில் உடையும். "அன்னதானப்" ஒரு வரியிலும் "பட்டி" அடுத்த வரியிலும் விழுவதைப் பார்த்தால் எனக்கு மனம் பொறுப்பதில்லை. மூன்று நெடுவரிசை வரை அதை இயக்குங்கள். அதற்கு மேல் என்றால் அணைத்துவிட்டு நகர விடுங்கள்.

அதைவிட நல்ல வழி, அட்டவணையையே திருப்பிப் போடுவது. எட்டு வகை மாம்பழம் நெடுவரிசைகளாகவும் விலை, மாதம் இரண்டும் கிடைவரிசைகளாகவும் இருந்தால் கைபேசியில் அது உதவாது. மாம்பழங்கள் கீழே கீழே போகட்டும். கைபேசி கீழே போகத்தான் நீளமாக இருக்கிறது. எக்செல்லில் ஒட்டும்போது டிரான்ஸ்போஸ் என்ற தேர்வு இந்தத் திருப்பலை ஒரே நொடியில் செய்துவிடும். மிக முக்கியமான இரண்டு செய்திகளை இடப்பக்கத்தில் வையுங்கள். அலகுகளைத் தலைப்புக்கு ஏற்றுங்கள்: தலைப்பில் "விலை, ரூபாய், ஒரு கிலோ" என்று ஒரு முறை எழுதிவிட்டால் ஒவ்வொரு கட்டத்திலும் எண் மட்டும் போதும். எண்கள் இருக்கும் நெடுவரிசையை வலப்பக்கம் ஒதுக்குங்கள். ஆயிரமும் நூறும் நேருக்கு நேர் நின்றால் ஒப்பிடுவது எளிது.

அரபிகா என்று ஒரே காப்பி வகையின் பெயர் மூன்று வரிசையில் வருகிறது. அந்த மூன்று கட்டங்களையும் ஒன்றாக்குவது எப்படி?

தொகுப்பானில் கட்டங்களை இணைக்கும் பொத்தான் இல்லை. வேறு இடத்தில் இணைத்து ஒட்டலாம். ஆனால் பிறகு வரிசை சேர்க்கும்போதும் நீக்கும்போதும் அது தகராறு செய்யும்.

மூன்று வரிசையிலும் அரபிகா என்றே எழுதி, அதன் பக்கத்தில் தரத்தை எழுதுங்கள். அரபிகா, பிளாண்டேஷன் ஏ. அரபிகா, பிளாண்டேஷன் பி. அரபிகா, பீபெர்ரி. இதில் கஞ்சத்தனம் வேண்டாம். எந்த வரிசையைத் தனியாக எடுத்தாலும் முழுச் செய்தி இருக்க வேண்டும். கேட்டுப் படிப்பவருக்கும் அது உதவும், நாளை விலைப்படி வரிசைப்படுத்தும்போதும் உதவும். கட்டத்தை வெறுமையாக விடுவதும், மேற்படி என்று போடுவதும் இதே காரணத்தால் வேண்டாம்.

ஒரு கட்டத்துக்குள் பட்டியல் போட முடியுமா?

முடியாது. கட்டத்துக்குள் எழுத்து, இணைப்பு, சிறு படம் போன்றவை மட்டுமே. கட்டத்துக்குள் பட்டியல் தேவைப்படுகிறது என்றால் பெரும்பாலும் அட்டவணையே தவறான தேர்வு என்று பொருள். தலைப்பும் அதன் கீழே பட்டியலுமாக எழுதிப் பாருங்கள்.

அகரவரிசைப்படி அடுக்கச் சொன்னால் அன்னதானப்பட்டி முதலில் வந்து நிற்கிறது. கணினிக்குத் தமிழ் தெரியாதா?

இந்தக் கேள்வியைக் கேட்ட ஆசிரியருக்கு நன்றி. தொகுப்பானுக்குள் அடுக்கும் வசதி இல்லை. எக்செல் போன்ற கணக்குத்தாளில் அடுக்கிவிட்டுத்தான் ஒட்டுகிறோம். சிக்கல் அங்கே வருகிறது. யூனிகோடில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. அதில் ன என்ற எழுத்து ந-வுக்கு அடுத்து, ப-வுக்கு முன் நிற்கிறது. ற என்ற எழுத்து ர-வுக்கு அடுத்து நிற்கிறது. நம் நெடுங்கணக்கில் இவை இரண்டும் கடைசியில் அல்லவா வர வேண்டும்? எண்களை மட்டும் பார்த்து அடுக்கும் செயலி அன்னதானப்பட்டி, அம்மாப்பேட்டை, அரிசிபாளையம், அழகாபுரம், அஸ்தம்பட்டி என்று அடுக்கும். சரியான வரிசை அம்மாப்பேட்டை, அரிசிபாளையம், அழகாபுரம், அன்னதானப்பட்டி, அஸ்தம்பட்டி. புள்ளி வைத்த மெய்யும் இப்படித்தான் இடம் மாறும்: க் என்பது க-வுக்கு முன்னால் வராமல், கௌ-வுக்கும் பின்னால் போய்விடும்.

ஆகவே தமிழ் நெடுங்கணக்கை அறிந்து அடுக்கும் செயலியும் உண்டு, அறியாததும் உண்டு. மொழி அமைப்பில் தமிழைத் தேர்ந்தெடுத்து அடுக்கிப் பாருங்கள். அம்மாப்பேட்டைக்கு முன்னால் அன்னதானப்பட்டி வந்தால் நம்பாதீர்கள். ஊர்ப்பெயர் இருபதுக்குள் என்றால் கையால் அடுக்குங்கள்; பட்டியலாக இருந்தால் முன்பு சொன்ன மேல் அம்பு இருக்கவே இருக்கிறது.

மொத்தத்தைத் தானே கூட்டாதா?

கூட்டாது. ஃபூட்டர் செக்‌ஷன் என்பது அட்டவணையின் அடியில் மொத்தத்தை எழுத ஓர் இடம் மட்டுமே. ஹெடரைப் போல அதுவும் புதிய வெற்று வரிசையாக வரும். கணக்கைக் கணக்குத்தாளில் முடித்துக்கொண்டு விடையை இங்கே எழுதுங்கள்.

படம் இடப்பக்கம், எழுத்து வலப்பக்கம் வருவதற்கு அட்டவணை பயன்படுத்தலாமா?

வேண்டாம். 1990-களில் இணையதளங்களை அப்படித்தான் கட்டினார்கள். அப்போது வேறு நல்ல வழி இல்லை. இப்போது அதற்கென்றே காலம்ஸ் என்ற பிளாக் இருக்கிறது. கைபேசியில் அது தானாக ஒன்றன்கீழ் ஒன்றாக மாறிக்கொள்ளும். அட்டவணை என்று அறிவித்துவிட்டு உள்ளே வெறும் அழகுக்காகப் பொருள் வைத்தால், கேட்டுப் படிப்பவர் இல்லாத தலைப்புகளைத் தேடி அலைவார்.

முதல் நெடுவரிசையில் உள்ள பெயரும் தலைப்பு மாதிரிதானே? அதையும் தலைப்பாக்க வேண்டாமா?

வேண்டும். நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள். "விலை, ஆறாயிரத்து நானூறு" என்று கேட்டால் மட்டும் போதாது, எந்தக் கொலுசுக்கு என்றும் தெரிய வேண்டும். ஆனால் கிடைவரிசையின் தலைப்பைக் குறிக்கப் பொத்தான் இல்லை. கன்ட்ரோல், ஷிஃப்ட், ஆல்ட் மூன்றோடு எம் அழுத்தினால் பதிவு எச்டிஎம்எல் என்ற குறிமொழியாகத் தெரியும். அங்கே ஒவ்வொரு வரிசையின் முதல் கட்டத்தையும் சாதாரணக் கட்டத்திலிருந்து தலைப்புக் கட்டமாக மாற்ற வேண்டும். தொடக்கக் குறி, முடிவுக் குறி இரண்டிலும் மாற்ற வேண்டும். பழகியவர்கள் செய்யுங்கள். மற்றவர்கள் அட்டவணையை முடித்துவிட்டு எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். நான் மாற்றித் தருகிறேன்.

குறிமொழியில் கை வைத்ததும் இந்த பிளாக் பழுதாகிவிட்டது என்று எச்சரிக்கை வருகிறது. எல்லாம் போய்விட்டதா?

எங்கும் போகவில்லை. ஏதோ ஒரு குறி மூடப்படாமல் இருக்கிறது. கன்ட்ரோலும் இசட்டும் அழுத்திப் பின்னால் போங்கள். அப்படியும் திரும்பவில்லை என்றால், பதிவின் அமைப்புகளில் முந்தைய வடிவங்கள் சேமிக்கப்பட்டிருக்கும். நேற்றைய வடிவத்தைத் திறந்து மீட்டுக்கொள்ளலாம். பதற்றத்தில் பதிவையே அழித்துவிடாதீர்கள்.

பழைய பதிவுகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றனவே. எல்லாவற்றையும் திருத்த வேண்டுமா?

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் வேண்டாம். சென்ற ஆண்டுக் கோடை விழாப் பதிவில் உள்ள பட்டியல் அப்படியே இருக்கட்டும். மக்கள் இன்றும் திறந்து பார்ப்பவற்றை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள்: பஸ் நேரம், மருத்துவர் வரும் நாள், காப்பி, மிளகு, கொலுசு விலைகள். அந்த ஆசிரியையிடம் எதை முதலில் திருத்தட்டும் என்று கேட்டேன். பஸ் நேரம் என்றார். அவர் தங்கை ஏற்காட்டில் இருக்கிறார்.

பஸ் நேர அட்டவணையைச் சென்ற ஞாயிற்றுக்கிழமை திருத்திவிட்டேன். தலைப்பு வரிசை, கிடைவரிசைத் தலைப்பு இரண்டும் சரியாக இருக்கின்றன. அதைத் திறந்து பார்த்து, அதே மாதிரியில் உங்கள் பதிவுகளைத் தொடங்குங்கள்.